மூன்றாவது பூசணிக்காய்

இந்தாருங்கள், உங்கள் பாஸ்போர்ட். பத்திரமாக இருக்கிறது. நீங்கள் எழுந்து போகும்போதே பார்த்துவிட்டேன், நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று. கூப்பிடவில்லை. தப்பாக நினைக்காதீர்கள். போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்படியும் தேடி வருவீர்கள் என்று தெரியும். வந்துவிட்டீர்கள்.

முகம் வெளுத்துப்போய்விட்டது உங்களுக்கு. உட்காருங்கள். ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்றுதானே நினைக்கிறீர்கள்? குரல் இல்லாதவள் இல்லை நான். விருதுநகர் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். டிரங்க் கால் காலத்து ஆள். 'ராஜகனிக்கு பம்பாய் லைன் எதுக்கு, ஜன்னலைத் திறந்துவிட்டாலே கேட்குமே' என்பார் எங்கள் சூப்பர்வைசர். குரல் இருக்கிறது. எங்கே எடுக்கக் கூடாதோ அங்கே எடுக்க மாட்டேன். அவ்வளவுதான்.

திருவனந்தபுரம் விமானமா உங்களுக்கு? ஓ, நாகர்கோவிலா. அப்படியானால் நம் பக்கம்தான். நான் சென்னை போய் அங்கிருந்து போக வேண்டும். இன்னும் நாலு மணி நேரம் இந்த தோஹாவில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மார்ச் மாதம் திரும்ப வேண்டியவள் நான். இன்றைக்கு என்ன தேதி? நவம்பர் பதினைந்து. மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனேன். முப்பத்தெட்டாவது நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டிக் கொடுக்க மருந்துப் பொடி இடித்துக் கொண்டுபோயிருந்தேன். பொட்டலம் பிரிக்காமல் அப்படியே என்னோடு திரும்பி வருகிறது.

என்ன செய்தேன் என்று கேளுங்கள். ஒரு பூசணிக்காயை உடைத்தேன்.

சிரிக்காதீர்கள். முழுவதும் கேட்டுவிட்டு, யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் மகள் இந்துஜா. கொலம்பஸ் என்று ஒரு ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளை தயாளன் தங்கமானவர். அத்தை, அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுவார். போன வருஷம் செப்டம்பரில் இந்துவுக்கு ஐந்தாம் மாதத்தில் ஒன்று கலைந்துபோனது. அப்போது எனக்கு விசா கிடைக்கவில்லை. போனில் அழுதாள். போனில் அழுகிறவர்களை எனக்குத் தெரியும், எத்தனை பேருக்கு லைன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தன் பிள்ளை அழும்போது காதில் இருப்பதைக் கழற்றி வைக்கவும் முடியாது. இது இரண்டாவது. நான் போய் இறங்கும்போது ஏழு முடிந்து எட்டு.

அங்கே அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் என்று ஒரு பண்டிகை. கேள்விப்பட்டிருப்பீர்கள். பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் மூக்கும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கை வைத்து வாசலில் உட்கார வைக்கிறார்கள். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்து மிட்டாய் வாங்கிப் போகிறார்கள். வாசல் விளக்கு எரிகிற வீட்டுக்குத்தான் வருவார்கள். அணைத்திருந்தால் வரமாட்டார்கள்.

“போன வருஷம் வெளக்க அணைச்சிட்டு உள்ள உக்காந்திருந்தோம்மா” என்றாள் இந்து. “பிள்ளைங்க சத்தம் தெருவுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இந்த வருஷம் நம்ம வீட்டு வெளக்கு எரியணும்.”

எரியட்டும். நான் வேண்டாம் என்றா சொன்னேன்?

தோட்டத்துக்கே காரில் போய் மூன்று பூசணிக்காய் வாங்கி வந்தார்கள். நம் ஊர் மஞ்சள் பூசணிதான், நிறம் மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பு. பெரியது மாப்பிள்ளைக்கு. நடுத்தரமானது இவளுக்கு. மூன்றாவது ஒரு உரித்த தேங்காய் அளவு இருக்கும். இது யாருக்கு என்று கேட்டேன். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். பிறக்காத பிள்ளைக்கு நாம் ஒரு துணிகூட எடுப்பதில்லை. இவள் பூசணிக்காய் வாங்குகிறாள். அதை வெட்டப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, கறுப்புப் பேனாவால் இரண்டு புள்ளியும் ஒரு சிரிப்பும் வரைந்தாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம். சாப்பாட்டு மேசையில் காகிதம் விரித்து, தன் பூசணிக்காயைத் தூக்கி வைத்தாள். மாப்பிள்ளை மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார்.

“இந்து, நீ வெட்டாத. மாப்பிள்ளை இறங்கி வரட்டும்.”

“எதுக்கு?”

“முழுப் பூசணிக்காயப் பொம்பள வெட்டக் கூடாது. ஆம்பள முதல் வெட்டுப் போட்டுக் குடுக்கணும். அப்புறம் நீ என்ன வேணாலும் நறுக்கு.”

“அப்பா செத்து பதினோரு வருஷமாச்சு. உனக்கு சாம்பாருக்கு யாரு வந்து முதல் வெட்டுப் போடுறா? போஸ்ட்மேனா?”

“நான் கீத்துதான் வாங்குவேன். கடைக்காரன் வெட்டித்தான் குடுப்பான்.”

“அப்ப அந்தக் கடைக்காரருக்கு ஒரு டிக்கெட் போட்டிருக்கலாம். உன்கூடவே வந்திருப்பார்.”

வாய். எனக்குப் பிறந்தது வேறு எப்படி இருக்கும்?

“வயித்துப்பிள்ளைக்காரி வெட்டவே கூடாதுடி” என்றேன்.

“வெட்டினா என்ன ஆகும்?”

அதை வாயால் சொல்லலாமா?

“சொல்லும்மா. போன வருஷம் நான் எந்தப் பூசணிக்காய வெட்டினேன்?”

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால், பூசணி குடையவென்றே வாங்கின சின்ன ரம்பம் அறுக்கிற சத்தம். மேலே காம்பைச் சுற்றிச் சாய்த்து அறுக்க வேண்டுமாம், அப்போதுதான் மூடி உள்ளே விழாதாம். தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அறுத்தாள். அப்புறம் கரண்டியால் உள்ளே இருப்பதைச் சுரண்டுகிற சத்தம். நாரும் விதையும் பாத்திரத்தில் சொத் சொத் என்று விழுந்தன. நான் வெண்டைக்காய் நறுக்குவதாகப் பேர். ஒரு வெண்டைக்காயை எத்தனை துண்டாக நறுக்க முடியும்?

“அம்மா, திரும்பிப் பாரேன்” என்றாள். பார்த்தேன். கோணல் பல், தூக்கின புருவம். “உன்ன மாதிரியே இருக்குல்ல?”

மாப்பிள்ளை அப்போதுதான் படியிறங்கி வந்தார். ரெண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இந்துவுக்கு முன்னால் எனக்கு ஒரு பையன். கல்யாணமான இரண்டாவது வருஷம். எட்டாம் மாதம். அன்றைக்கு வீட்டில் திடீரென்று விருந்தாள்கள். 'ராஜகனி, அந்தப் பூசணிக்காய அறுத்துப் போடு, நேரமாகுது' என்றார் மாமியார். 'ஆம்பளைங்க யாருமில்லையே அத்தை' என்றேன். 'சாஸ்திரம் பாத்துக்கிட்டிருந்தா உலை காஞ்சிரும், அறு' என்றார். அறுத்தேன். ஒன்பதாம் நாள் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். 'உன் கையாலயே அறுத்துப் போட்டுட்டியே' என்றார்.

தான்தான் அறுக்கச் சொன்னோம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. நான் ஞாபகப்படுத்தவில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவர் சாகும்வரை ஞாபகப்படுத்தவில்லை. ஆனாலும் ஒன்று, அவர் சொன்னதில் தப்பில்லை. கத்தியைப் பிடித்தது என் கைதானே?

அந்தத் தரை துடைக்கிற வண்டி இங்கேயும் வருகிறது பாருங்கள். காலைத் தூக்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீரை விட்டுவிட்டுப் போகிறது.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், மறுநாள். எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. வெட்டியது வெட்டியாகிவிட்டது. இனிக் கழிக்க வேண்டும். இந்தியக் கடையில் வெள்ளைப் பூசணியைத் துண்டு போட்டுத்தான் வைத்திருந்தார்கள். துண்டை வைத்துத் திருஷ்டி கழிக்க முடியுமா? கற்பூரம் மட்டும் வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டுக்குள் அதைக் கொளுத்தவும் முடியாது. அப்பளம் பொரித்தாலே கூரையில் ஒரு பெட்டி அலறும். வாசலில்தான் செய்ய வேண்டும். முழுதாக இருந்தது அந்த மூன்றாவது ஒன்றுதான்.

ஆறு மணிக்கு ஆரம்பித்தது. எட்டு மணி வரைதான் வருவார்கள். வாசல் விளக்கு எரிந்தது. வாசலில் இரண்டு படி. மேல்படியின் இரு ஓரத்திலும் இவர்கள் வெட்டிய பூசணிகள், வாய்க்குள் வெளிச்சத்தோடு. எலும்புக்கூடு ஒன்று வந்து 'தேங்க் யூ' என்றது. கழுத்தில் கோடாலி இறங்கின பெண் ஒருத்தி என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள், தெலுங்குக்காரர் வீட்டுப் பிள்ளை. இந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் அத்தனை கண். வருகிற தாய்மார் ஒவ்வொருத்தியும் முதலில் பார்ப்பது இவள் வயிற்றைத்தான். பக்கத்து வீட்டு டெப்ரா வயிற்றின் மேல் கையையே வைத்துவிட்டாள். என்னவோ சொன்னாள். அழகாக இருக்கிறது என்று சொல்கிறாள் என்றாள் இந்து. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஏழரைக்கு மேல் கூட்டம் ஓய்ந்தது. மிட்டாய் போதாது என்று மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்தார். இந்து சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சின்னப் பூசணிக்காயை எடுத்து வந்து, “ஒரு தடவ சுத்திப் போட்டுருட்டுமா?” என்றேன். அசதியோ என்னவோ, மறுக்கவில்லை.

“சுத்திக்கோ. உன் திருப்திக்கு. ஆனா உடைச்சிராதம்மா. அது பாப்பாவோடது.”

“சரி” என்றேன்.

சரி என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வதுதானே? மூன்று தடவை சுற்றினேன். ஊர்க் கண், உறவுக் கண், எல்லாக் கண்ணும் அதில் இறங்கியாகிவிட்டது. இறங்கினதை உடைக்காமல் நடுவீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? நீங்களே சொல்லுங்கள், வைத்துக்கொள்வீர்களா?

அவள் எழுந்து பாத்ரூம் போன நேரம், கராஜ் வழியாக வெளியே வந்தேன். கத்தி முனையால் காம்புப் பக்கம் துளை போட்டுக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, நாலு சில்லறையும் போட்டேன். ஆம்பளைதான் உடைக்க வேண்டும். யார் இருக்கிறார்கள்? எனக்கு இனிமேல் என்ன, வயிறா பிள்ளையா? தெருவில் உடைக்கலாம் என்றுதான் முதலில் போனேன். ஆனால் பிள்ளைகள் நடமாடுகிற இடம், வழுக்கி விழுந்துவிட்டால் பாவம் இல்லையா? அதனால் படிக்கு வந்தேன். மணி எட்டாகப் போகிறது, இனி யாரும் வரமாட்டார்கள். கற்பூரத்தைக் கொளுத்தி, அது அணைந்ததும் கீழ்ப்படியில் ஓங்கிப் போட்டேன். நன்றாக உடைந்தது. அந்தச் சிரிப்புப் பக்கம் எந்தத் துண்டில் போனதோ, நான் பார்க்கவில்லை. உடைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. கால் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை. கழுவிவிட்டு விளக்குமாற்றோடு வந்து கூட்டிவிடலாம் என்று உள்ளே போனேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கால் கழுவிவிட்டு ஹாலுக்கு வந்தால் வாசல் கதவு திறந்திருக்கிறது. இந்து மிட்டாய்ப் பாத்திரத்தோடு நிற்கிறாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிகிறது. அந்தப் பக்கம் நடைபாதையில், தேனீ மாதிரி உடுத்தின ஒரு சின்னக் குழந்தை. வாசல் வரை வந்துவிட்டு, படியைப் பார்த்துத் தயங்கித் திரும்பிப் போகிறது. இவள் அதைக் கூப்பிடுகிறாள். போகிற பிள்ளையைப் பின்னாலிருந்து, சத்தம் போட்டு. அதுவும் நின்றது. பாத்திரத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இவள் வாசலைத் தாண்டினாள். வயிறும் பாத்திரமும் மறைத்தால் காலடி எங்கே தெரியும்?

நாலு எட்டுதான் எனக்கும் அவளுக்கும். இந்து என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி, வாசல் தாண்டிக்கொண்டிருக்கிறாள், அப்போதுதான் திருஷ்டி கழித்திருக்கிறேன். அந்த நேரத்தில் பின்னாலிருந்து கூப்பிடலாமா? விழுங்கிவிட்டேன். கூப்பிடாமல் ஓடிப் பிடித்துவிடலாம் என்று ஓடினேன். கழுவின கால், ஈரம், என்னாலும் ஓட முடியவில்லை.

அவள் கீழ்ப்படியில் கால் வைத்தாள்.

கத்தவில்லை. மிட்டாயெல்லாம் நடைபாதையில் உருண்டு ஓடியது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியில் கிடந்தாள். உடுப்பெல்லாம் குங்குமத் தண்ணீர். அது குங்குமம்தான், குங்குமம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். “அம்மா” என்றாள். விழுந்த பிறகு என்னைத்தான் கூப்பிட்டாள்.

அந்தத் தேனீக் குழந்தையின் தாய்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

விடிவதற்குள் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், மூக்கில் குழாயோடு. ஒரே ஒரு தடவை காட்டினார்கள். விரல் ஒவ்வொன்றும் வெண்டைக்காய்ப் பிஞ்சு மாதிரி. இப்போது குழாயெல்லாம் எடுத்துவிட்டார்களாம், பால் குடிக்கிறதாம். உயிரோடு இருக்கிறது. ஏன் இருக்கிறது? நான் உடைத்தேன், இருக்கிறது. என் பையனுக்கு யாரும் உடைக்கவில்லை.

இதை யாரிடம் சொல்ல? மறுநாள் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கண் திறந்துதான் படுத்திருந்தாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். “உன் கையாலயே அறுத்துப் போட்டுட்டியே இந்து, அன்னைக்கே சொன்னேனே” என்றேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்றவள் அதுகூடச் சொல்லக் கூடாதா? அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளை காப்பி வாங்கிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை.

“வாங்க அத்தை, வீட்ல விட்டுட்டு வரேன்” என்றார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, விளக்குமாற்றை எடுத்து அந்தப் படியைக் கூட்டினார். தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். நான் செய்கிறேன் மாப்பிள்ளை என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். நாலாம் நாள் டிக்கெட்டை என் போனில் அனுப்பிவிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, போனில். “கொஞ்ச நாள் போகட்டும் அத்தை. அப்புறம் வரலாம்.” ஒரு தேங்காய் அளவுப் பூசணிக்காய். அதற்காக ஒரு தாயை இப்படி அனுப்புவார்களா?

நேற்றுக் கிளம்பும்போது இந்து மாடியில் இருந்தாள். பெட்டியை இறக்குகிற சத்தம் கேட்டிருக்கும். படியில் அவள் வெட்டின பூசணி இன்னும் இருந்தது, வாய் உள்ளே மடிந்து, பல்லில்லாத கிழவி மாதிரி. நான் வாசலைத் தாண்டினேன். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாதுதான். சொல்லிக் கொடுத்து வளர்த்தவளே நான்தானே.

உங்கள் விமானத்தைத்தான் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. திருவனந்தபுரம் என்று காதில் விழுந்தது. கிளம்புங்கள். பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டீர்களா? போன்? சரி. யார் பக்கம் நியாயம் என்று சொல்லாமலே போகிறீர்கள். பரவாயில்லை. நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.

ஏம்மா! ஏம்மா, நில்லுங்கள்! அங்கே ஈரம்! காலை வைக்காதீர்கள்!

அப்படியே நில்லுங்கள். இந்தப் பக்கமாகச் சுற்றி வாருங்கள். அந்த வண்டி போன தடம், விளக்கு வெளிச்சத்தில் தெரியவில்லை.

எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஒரு நிமிஷம் உட்காருங்கள், விமானம் எங்கேயும் ஓடிப்போகாது. பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டேன், அதனால் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. அதற்குப் பரிகாரம் இருக்கிறது. என் அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள், நானும் இந்துவுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்தாருங்கள், பாட்டில். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனால் எல்லாம் சரியாகிவிடும்.

அவ்வளவுதான் அதற்கு. ஒரு வாய் தண்ணீர்.